எந்திரம் வாங்கியவரே பவுடரைத் தேர்வு செய்யட்டும், சோதித்தும் காட்டட்டும்

நைலான் பவுடரை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் பாகம் செய்யும் எந்திரங்களை வைத்துத் தொழில் நடத்துவோரின் சங்கம் இது. எந்திரம் விற்ற நிறுவனத்திடமே பவுடரும் வாங்கியாக வேண்டுமா, வெளியே வாங்கலாமா என்று உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். எங்கள் பதிலை இங்கே பதிவு செய்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

காசு கொடுத்து வாங்கிய எந்திரத்தில் எந்தப் பவுடரைப் போடுவது என்பது வாங்கியவரின் முடிவு. அந்தப் பவுடர் தகுதியானதுதான் என்று சோதித்துக் காட்டுவதும் அவர் பொறுப்பு. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர்களுக்காக நாங்கள் பேச மாட்டோம்.

காரணங்கள்

எந்திரத் தயாரிப்பாளர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. லேசரால் உருக்கும் இந்த முறைக்கான (சின்டரிங்) நைலான் 12 ஏறத்தாழ 185 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஆறும்போது 150 டிகிரியை நெருங்கித்தான் இறுகுகிறது. பவுடர் பரப்பிய பெட்டின் வெப்பம் இந்த இடைவெளிக்குள் நிற்க வேண்டும். இடைவெளி குறுகலான பவுடரைப் போட்டால் பாகத்தின் மூலை சுருண்டு மேலெழும். பவுடரைப் பரப்பும் ரீகோட்டர் அதில் இடிக்கும். மொத்த பில்டும் போகும். உருகாமல் மிஞ்சிய பவுடரும் மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து முதுமையடைகிறது. அதைப் புதிய பவுடரோடு போதிய அளவு கலக்காவிட்டால் பாகத்தின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரத்துவிடும்.

ஆனால் இவை எல்லாமே அளந்து பார்க்கக்கூடியவை. எந்திரத் தயாரிப்பாளர் தன் பவுடர் டப்பாவில் ஒட்டும் சிப் இவற்றில் எதையும் அளப்பதில்லை. விற்றவர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது; வேறு பவுடரை எந்திரம் ஏற்காதபடி பூட்டுகிறது. அதைத் தரக் கட்டுப்பாடு என்று நாங்கள் ஏற்கவில்லை.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. சிப் பூட்டைத் தாண்டி வேறு மூலப்பொருளைப் பயன்படுத்தும் முப்பரிமாண அச்சு எந்திர உரிமையாளர்களுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நடைமுறை 2015-இல் பூட்டுடைப்புத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. 2018-இல் அது விரிந்தது. ஒரு பொருளோடு இன்னொன்றையும் வாங்கக் கட்டாயப்படுத்துவது சந்தைப் போட்டியைக் கணிசமாகக் கெடுக்குமானால், இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

ஒரே இடத்தை நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலையில் வெடிவிபத்து நடந்தது. தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். நைலான் 12-க்கான மூல வேதிப்பொருள் அங்கே தயாரானது. உலகக் கார் தொழிலே மாற்றுப் பொருள் தேடி அலைந்தது. ஒரே கிணற்றை நம்பக் கூடாது என்பது அன்று கிடைத்த பாடம். லேபிள் மாறியதாலேயே கிணறு மாறிவிடாது என்பது அதிலுள்ள இரண்டாவது பாடம். வேறு மூலமே வேண்டுவோருக்கு ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் நைலான் 11 உண்டு. அதற்கு எந்திர அமைப்புகளைப் புதிதாகக் கண்டறிய வேண்டும்.

உறுப்பினர்களுக்கு

1. புதிய பவுடரை நேராக ஆர்டருக்குப் போடாதீர்கள். ஐஎஸ்ஓ 527 முறைப்படி டெஸ்ட் பார்களைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் செய்து இழுத்துப் பாருங்கள். படுக்கவைத்தது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; அடுக்குகள் சரியாக ஒட்டாததை நிற்கவைத்ததுதான் காட்டிக்கொடுக்கும்.

2. பழைய பவுடர் கலக்கும் விகிதத்தை ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாகக் கண்டறியுங்கள். இரண்டு பிராண்டுகளை ஒரே எந்திரத்தில் கலக்காதீர்கள்.

3. மருத்துவம், விமானம் ஆகிய துறைகளுக்கான பாகங்களில் வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் மறுதகுதிச் சோதனையும் இல்லாமல் பவுடரை மாற்றாதீர்கள்.

தயாரிப்பாளர்களுக்கு

வெளிப் பவுடரால்தான் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் பழுதுக்கு வாரண்டியை மறுக்கலாம். மோட்டார் கெட்டதற்குப் பவுடரைக் காரணம் காட்டி முழு வாரண்டியையும் ரத்து செய்வது முறையல்ல. வெப்பநிலை, லேசர் சக்தி அமைப்புகளைத் திறந்துவிடக் கூடுதல் கட்டணம் உண்டென்றால் எந்திரம் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பவுடர் விற்பவர்களுக்கு

ஒவ்வொரு பேட்சுக்கும் துகள் அளவு, உருகு ஓட்டம் ஆகியவற்றுடன் சான்றிதழ் தாருங்கள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும், ஃபார்முலா மாறினால் அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பாதுகாப்புத் தரவுத் தாள் கட்டாயம். காற்றில் பறக்கும் நைலான் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

பூட்டை எதிர்த்து வாதாட வரும் உறுப்பினருக்கு இந்தச் சங்கம் துணை நிற்கும். பவுடர் மாறியதை வாடிக்கையாளரிடம் மறைத்து, விலை வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டவருக்கு அந்தத் துணை கிடையாது.