பழைய உறுதியில் இருந்த பவுண் கணக்கு

 

போன கிழமை என்னிடம் படிக்கிற ஒரு மாணவன் தங்கட வீட்டுப் பழைய ஒற்றி உறுதியின் பிரதியைக் கொண்டுவந்தான். 1866ஆம் ஆண்டு எழுதியது. காசு இரண்டு தரமாகக் கொடுபட்டிருக்கிறது: 2 பவுண் 15 சிலிங் 8 பென்ஸ், பிறகு 1 பவுண் 14 சிலிங் 10 பென்ஸ். கூட்டி, "3 பவுண் 29 சிலிங் 18 பென்ஸ்" என்று எழுதிவிட்டுக் கேட்டான்: "சேர், இனிப் புள்ளியை எங்க போடுறது?"

புள்ளிக்கு அங்கே இடமில்லை. 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண். மணித்தியாலமும் நிமிடமும் கூட்டுவது போலத்தான். 18 பென்ஸில் ஒரு சிலிங் போக மிச்சம் 6. அந்த ஒன்றையும் சேர்த்தால் 30 சிலிங். அதில் ஒரு பவுண் போக மிச்சம் 10. ஆக 4 பவுண் 10 சிலிங் 6 பென்ஸ்.

இலங்கை 1872 ஜனவரி 1இல் ரூபா, சதத்துக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தே 1971 வரை பழைய கணக்கில்தான் இருந்தது. எங்கட சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் 1854இல் பிறந்தவர்; அவர் பதினேழு வயது தாண்டும்வரை அரச கணக்கு பவுண், சிலிங்தான்.

இனித்தான் விசயம். வீட்டில் யாரோ அந்த நாலரைப் பவுணை இன்றைய வங்கி வீதத்தால் பெருக்கி, "இரண்டாயிரம் ரூபாவும் வராத காசுக்கா காணியைக் குடுத்தவை?" என்று சிரித்திருக்கிறார்கள். அது பிழை. அன்றைய ஒரு பவுண் என்பது ஏறக்குறைய 8 கிராம் பொற்காசு. நகைக்கடையில் "ஒரு பவுண்" என்று நாங்கள் கேட்பதும் அந்தக் காசின் நிறையைத்தான். நாலரைப் பவுண் தங்கத்தை இன்று யார் சிரித்துக்கொண்டு கொடுப்பார்? தங்கக் கணக்கும் முழுமையானதில்லை. அன்றைய கூலியும் நெல் விலையும் தெரிய வேண்டும். ஆனால் வங்கி வீதத்தை விட அது உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

1990 ஒக்டோபரில் எங்கட சனத்தில் பலர் உறுதிகளையும் விட்டுவிட்டு வெளியேறியவர்கள். அதனால் மிஞ்சின கடதாசி ஒவ்வொன்றும் பெறுமதி. கணித ஆசிரியர்களே, ஆண்டில் ஒரு பாடவேளை இதற்குக் கொடுப்போம். பெற்றோரே, அலுமாரியில் கிடக்கிற பழைய உறுதியைப் பிள்ளையிடம் ஒருக்கா வாசிக்கக் கொடுங்கள். சரியாகக் கூட்டத் தெரிந்த பிள்ளை, முன்னோரை ஏமாளிகள் என்று நினைக்காது.