செதுக்கிய பல் திரும்பாது

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதத் தெருவும் சுற்றும் விடுமுறையிலேயே பல்லின் மேல் வெனீர் என்னும் மெல்லிய தகடு ஒட்டிக்கொண்டு துபாய் திரும்பிவிடலாம், செலவும் குறைவு என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை முற்றாக மறுக்கிறேன். கொச்சி மருத்துவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. இந்த அவசரம்தான் ஆபத்து. பீங்கான் வெனீருக்காகப் பல்லின் முன்பக்க எனாமலைப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவு செதுக்குகிறார்கள். எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் அது மறுபடி வளராது. வெனீரையோ பொதுவாக 10, 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். 30 வயதில் ஒட்டியவர் ஆயுளில் எத்தனை முறை மாற்றுவார்? துபாயில் ஒன்று உடைந்தால் யார் பார்ப்பது? அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெனீர் இல்லாமலே, வெற்றிலைக் கறையும் தேநீர்க் கறையும் பலருக்குப் பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கிலேயே போய்விடும். ஸ்கேலிங்கால் பல் தேயும் என்பது வீண் பயம். போவது காரையும் கறையும்தான். நிறம் இன்னும் மங்கலா? பெராக்சைடு ஜெல்லால் வெளுக்கலாம், சில நாள் கூச்சம் இருக்கலாம். ஓரம் உடைந்த பல்லுக்குப் பெரும்பாலும் காம்போசிட் என்னும் பல்நிறப் பிசின் போதும், செதுக்குவதும் மிகக் குறைவு. சொத்தையையும் ஈறு நோயையும் கவனிக்காமல் வெனீருக்கு அளவெடுக்கிறவரின் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.