குட்டி மலைக்கு ஒரு சபாஷ்!

குட்டீஸ், 'மலைக்குப் போகலாமா?' என்று யாராவது கேட்டால், நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? 'எவ்வளவு உயரம்?' என்றுதானே! உயரத்தை வைத்து மலைக்கு மார்க் போடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. ஏன் தெரியுமா?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு முன்னால் ஒரு குட்டி மலை தனியாக நிற்கிறது. பெயர்தான் நீளம்... ஹோயன்பைசன்பெர்க்! உயரமோ வெறும் 988 மீட்டர். உச்சி வரை சாலை இருப்பதால், வண்டியிலேயே போய்விடலாம்.

மேலே நின்று தெற்கே பார்த்தால், ஆல்ப்ஸ் சிகரங்கள் சுவர் எழுப்பியது போல வரிசையாகத் தெரியும். 2,962 மீட்டர் உயரமுள்ள சுக்ஸ்பிட்ஸ சிகரமும் அந்தப் பக்கம்தான். ஜெர்மனியிலேயே உயரமானது அது. வடக்கே திரும்பினால் வயல்வெளி, காடு, ஏரி. பெரிய மலையின் மேல் ஏறி நின்றால், அந்தப் பெரிய மலையைப் பார்க்க முடியாதே!

ஆனால், நான் சபாஷ் போடுவது இந்தக் காட்சிக்காக இல்லை.

உச்சியில் ஒரு பழைய தேவாலயம் உண்டு. அங்கிருந்த துறவிகள் 1781-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். காலை 7 மணி, மதியம் 2 மணி, இரவு 9 மணி என்று தினமும் மூன்று முறை வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் பார்த்து நோட்டில் எழுதுவது. கேட்க எளிதாக இருக்கிறதா? மின்சாரமே இல்லாத காலம். பனி கொட்டும் டிசம்பர் இரவில், கம்பளிக்குள் சுருண்டு படுக்காமல், விளக்கை எடுத்துக்கொண்டு போய் அளவு பார்க்க வேண்டும். நாமாக இருந்தால், 'நேற்றைய கணக்கையே எழுதிவிடலாம்' என்று நினைத்திருப்போம்!

1803-ல் அவர்களுடைய மடமே மூடப்பட்டது. அதற்குப் பிறகும் வேறு ஆட்கள் எழுதினார்கள். இன்று ஜெர்மனி வானிலைத் துறையின் ஆய்வு மையம் அந்த வேலையைச் செய்கிறது. உலகிலேயே பழமையான மலை வானிலை நிலையம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

'பூமி சூடாகிறது' என்று பாடத்தில் படிக்கிறீர்களே... முன்பு எவ்வளவு சூடு இருந்தது என்று தெரிந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? அதைச் சொல்ல இந்த மாதிரி பழைய நோட்டுகள் வேண்டும். அன்று யாரோ தூங்கிவிட்டு, மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதியிருந்தால், இன்றைய விஞ்ஞானி ஏமாந்து போவார்.

என்றாவது அந்தப் பக்கம் போனால், சிகரங்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே ஆய்வு மையத்தின் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கூட வருபவர், 'ப்பூ... 988 மீட்டர்தானா?' என்று உதட்டைப் பிதுக்கினால், '1781' என்று மட்டும் சொல்லுங்கள்!