பெரிய பஸ் வேண்டாம், இன்னொரு பஸ் விடுங்க

திருவேங்கடத்துல இருந்து சங்கரன்கோவிலுக்கோ சிவகாசிக்கோ காலையில போற பஸ்ஸைப் பார்த்தவங்க சொல்ற முதல் வார்த்தை, "இந்த ரூட்டுக்குப் பெரிய பஸ்ஸா விட்டா என்ன?" நம்ம கிளாஸ் மக்களும் இதையேதான் சொல்றாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா தப்பு.

கணக்கு ரொம்பச் சின்னது (காமர்ஸ் படிக்கிறவன்கிட்ட மாட்டிக்கிட்டீங்க, கேட்டுத்தான் ஆகணும் :-)). அரை மணிக்கு ஒண்ணா 50 பேர் போற பஸ் ரெண்டு ஓடுதுன்னு வைங்க. அதைத் தூக்கிட்டு 100 பேர் போற ஒரே பஸ் விடுறாங்க. இடம் அதேதான். ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் சம்பளம் மிச்சம். ஆனா பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒரு மணி நேரம் நிக்கணும். அந்த நேரம் எந்த டிப்போ லெட்ஜர்லயும் செலவா ஏறாது. முதல் பீரியடு போன பையன், தீப்பெட்டி ஆபீஸ்ல அரைநாள் கூலி போன அக்கா, இவங்க தலையிலதான் ஏறும்.

"ரெண்டையும் எடுக்க மாட்டாங்க, ரெண்டையுமே பெருசா விடுவாங்க"ன்னு சிலர் சண்டைக்கு வருவீங்க. வாங்க. கூட்டம் ஒரே நடையில போயிடுதுன்னு தெரிஞ்ச அடுத்த மாசமே ரெண்டாவது நடைக்குக் கத்தி விழும். நம்ம ஊர்ல நடையை வெட்டுறது என்ன புதுசா?

பஸ் பெருசானா வேற வேலையும் இருக்கு. பிரேசில்ல குரிடிபா நகரத்துல 1992லயே ரெண்டு இடத்துல மடியிற பஸ் விட்டாங்க, சுமார் 250 பேர் ஏறலாம். நல்லா ஓடுச்சு. ஏன்னா டிக்கெட் ஸ்டாப்லயே முடிஞ்சிடும், ஏறுறது சமதளத்துல, ஓடுறது பஸ்ஸுக்குன்னே இருக்குற தனிப் பாதையில. இது எதுவுமே இல்லாத சாதாரணத் தெருவுல லண்டன்காரங்க மடிப்பு பஸ் ஓட்டினாங்க. டிக்கெட் எடுக்காம ஏறுறாங்க, சந்திப்புல குறுக்க நிக்குதுன்னு ஒரே புகார். 2011 டிசம்பரோட மூட்டை கட்டிட்டாங்க.

இங்க? 2021 மேல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம், அருமையான திட்டம். ஆனா அதுக்கும் கண்டக்டர்தான் கையில டிக்கெட் குடுக்கணும். ஒத்த மனுஷன் 100 பேருக்குக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள சங்கரன்கோவிலே வந்துடும். 18 மீட்டர் பஸ் நம்ம பஜார்ல திரும்புறதை வேற நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

படியில தொங்குறது விளையாட்டு இல்ல. 2012 டிசம்பர்ல சென்னை பெருங்குடியில படியில தொங்கிட்டுப் போன 4 மாணவர்கள் லாரியில அடிபட்டுச் செத்தாங்க. இதை விட்டா அடுத்தது எப்பவோங்கிற பயத்துலதான் பாதிப் பேர் தொங்குறான். பத்து நிமிஷத்துல இன்னொண்ணு வரும்னா எவன் தொங்குவான்? (சரி, சீன் போடுற நாலு பேர் அப்பவும் தொங்குவான்.)

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுறாங்களே, அன்னிக்கு பஸ்ஸை நீட்டியா விடுறாங்க? எண்ணிக்கையைத்தானே கூட்டுறாங்க! அதையே காலேஜ் நாள்ல காலை 7.30ல இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 4ல இருந்து 6 வரைக்கும் செய்யச் சொல்லுங்க. டிப்போவுக்கு மனு எழுதுற மக்களே, "பெரிய பஸ்"ங்கிற வார்த்தையை அடிச்சிட்டு "கூடுதல் நடை"ன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட நான் ரெடி.