சந்தா கட்டினால் பொறுப்பு கைமாறாது

வேடசந்தூர் வட்டாரத்து மில் ஆபீசுகளில் ஒரு கணினி ஆலோசகர் சொல்லிவரும் வாதம் இதுதான்: நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு உரிமையாளர் கிடையாது, நாளைக்கு ஃபைல் தொலைந்தால் கேட்க நாதி இருக்காது, காசு கொடுத்து வாங்கினால் கம்பெனி பொறுப்பேற்கும். பஞ்சு விலையிலும் கரண்ட் பில்லிலும் நொந்துபோன முதலாளிகள் இதை நம்பி, ஃபைல் பகிர்வுக்கு ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சந்தாவில் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த வாதம் அடிமுதல் நுனிவரை தவறு.

பொறுப்பிலிருந்தே தொடங்குவோம். அவர் நீட்டுகிற ஒப்பந்தத்தை அவர் முழுசாகப் படித்திருந்தால் இப்படிப் பேசவே மாட்டார். இந்த வகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில், இழப்பீடு என்று வந்தால் கடந்த 12 மாதத்தில் நீங்கள் கட்டிய தொகைக்கு மேல் கிடையாது என்றுதான் இருக்கும். வியாபார நஷ்டத்துக்கும் தொலைந்த தகவலுக்கும் பொறுப்பில்லை என்ற வரியும் கூடவே வரும். 2023 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். மூவ்இட் என்பது காசு கொடுத்து வாங்கும் ஃபைல் பரிமாற்ற மென்பொருள், புரோக்ரஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. அதிலிருந்த ஓட்டை வழியாக க்ளாப் என்ற கும்பல் புகுந்து 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தகவலை அள்ளிக்கொண்டு போனது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்களும் அதில் போயின; அவர்களுடைய சம்பளக் கணக்கைப் பார்த்த நிறுவனம் மூவ்இட்டை நம்பியிருந்தது. காசு கட்டியது அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் மில்களில் சம்பளப் பட்டியல் மட்டுமா கிடக்கிறது? ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், வயதுச் சான்று, வீட்டு முகவரி எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாவது பிரிவில், இதற்கு யார் பொறுப்பு என்று தெளிவாகவே சொல்கிறது. தகவலை வாங்கியவர்தான் பொறுப்பு. வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தாலும், அவர்களோடு எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பொறுப்பு அவரை விட்டு நகராது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. இந்தச் சட்டம் இருக்கும்போது, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு முதலாளியிடம் சொல்வது ஆலோசனையே அல்ல, அவரை ஏமாற்றுவது.

உரிமையாளர் இருப்பதே ஆபத்தாக முடிந்த கதையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காட்டி, நயாரா எனர்ஜியின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நிறுவனம், சந்தாவைச் சரியாகக் கட்டிக்கொண்டிருந்த நிறுவனம், டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்ப வந்தது. நயாராவுக்கு வக்கீல் வைத்துப் போராட வசதி இருந்தது. இங்கே இருபதாயிரம் கதிர் ஓட்டுகிற மில்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

ஓப்பன் சோர்ஸுக்கு ஆளில்லை என்பதும் பொய். ஓன்கிளவுட் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபைல் பகிர்வு மென்பொருளை உருவாக்கிய ஃபிராங்க் கார்லிட்செக், 2016-ல் அதன் நிறுவனத்தை விட்டு வெளியேறி, அதே நிரலை வைத்து நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்கினார். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் ஃபைல்களோடு அங்கே மாறிக்கொண்டார்கள். பணம் கட்டினால் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனமே பராமரிப்பு உதவியும் தருகிறது. ஜெர்மன் அரசின் கணினி மையம் 2018-லேயே அதைத் தேர்ந்தெடுத்தது.

சாதாரண ஆபீஸ் பகிர்வுக்கு வாருங்கள். விண்டோஸ் 10, 11 போட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்தால், ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான். மாசக் கடைசியில் டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், லேப், டெஸ்பாட்ச் எல்லாரும் ஒன்றாக உட்காரும்போது அடுத்தவருக்கு இனி இணைக்க முடியாது என்ற செய்திதான் வரும். லாட் விவரம் இல்லாமல் லோடு ஏற்ற முடியாது. லாரி வாசலில் நிற்கும். அதற்கு ஆலோசகர் சொல்லும் வைத்தியம் விண்டோஸ் சர்வர், அதற்கு மேல் ஆளுக்கோ மெஷினுக்கோ தனித்தனி உரிமம். லினக்ஸில் சாம்பா என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டால் அந்த 20 என்ற வரம்பும் இல்லை, தலைக்கு உரிமமும் இல்லை. பழைய கம்ப்யூட்டரே போதும். 1990-களின் தொடக்கத்திலிருந்து உலகம் பயன்படுத்துகிற மென்பொருள் அது. இதை ஒரு தடவைகூட முதலாளிகளிடம் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆத்திரம்.

ஓட்டை இரண்டு பக்கமும் உண்டு. 2023 நவம்பரில் ஓன்கிளவுடில் மிக மோசமான ஒன்று வெளியானது. பாஸ்வேர்டுகளே கசியும் அளவுக்கு. ஒரு குறிப்பிட்ட ஃபைலை அழித்துவிட்டு பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னார்கள். அதைச் செய்ய மில்லில் ஓர் ஆள் வேண்டும், ஆளில்லாமல் ஓப்பன் சோர்ஸ் போடுவது தப்பு. ஆனால் அந்த ஆள் சந்தா மென்பொருளுக்கும் வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை யார் மூடுவது? பேக்கப் சரியாகத் திரும்புகிறதா என்று யார் எடுத்துப் பார்ப்பது? சந்தாவுக்குப் போகும் பணத்தை, இங்கேயே பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலை தேடும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ சம்பளமாகக் கொடுங்கள். ஆளே வைக்க முடியாத சின்ன ஆபீஸ் என்றால் சந்தாவையே எடுத்துக்கொள்ளட்டும், ஃபைல்களின் முழு நகல் ஒன்றைத் தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு.

ஆலோசகர் தன் வாதத்தில் உறுதியாக இருந்தால் அடுத்த கொட்டேஷனில் எழுதித் தரட்டும்: ஃபைல் போனால் எத்தனை லட்சம் ஈடு, சேவை நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஃபைல்கள் முழுவதும் மில்லின் கைக்கு வரும், இரண்டையும் அந்தக் கம்பெனியின் முத்திரையோடு. அது வரும்வரை மில்காரர்கள் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.