பணம் கட்டும் முன்பே மைல் கணக்கைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஏராளம். லுஃப்தான்சாவில் பறந்தாலும் ஏர் இந்தியாவிலோ யுனைடெட்டிலோ வைத்திருக்கும் உறுப்பினர் கணக்கில், பிறகு சீட்டு வாங்கப் பயன்படும் சலுகைப் புள்ளிகளான மைல்கள் சேரும் என்பது 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் விமான நிறுவனக் கூட்டணியின் முக்கியமான வாக்குறுதி. 2014-இல் ஏர் இந்தியா அதில் இணைந்தது. ஆனால், கூட்டாளி நிறுவனத்தின் கணக்கில் எத்தனை மைல் சேரும் என்ற விவரம் பணம் கட்டும் இடத்தில் அரிதாகவே கண்ணில் படுகிறது. அதைக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

சென்னை–பிராங்க்பர்ட் தூரம் சுமார் 4,700 மைல். அடுத்தடுத்த இருக்கைகளில் அமரும் இரண்டு எகானமி பயணிகளில் ஒருவருக்கு முழுத் தூரமும் வரவாகலாம். மற்றவருக்கு அதில் ஒரு பகுதிதான், சில வேளைகளில் ஒன்றுமே இல்லை. டிக்கெட்டில் உள்ள ஓர் ஆங்கில எழுத்துதான் காரணம். கட்டண வகையைக் குறிக்கும் அந்த எழுத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறது. சீட்டை விற்றவர் யார் என்பதும் கணக்கை மாற்றும். யுனைடெட்டே விற்ற சீட்டுக்குக் கட்டிய பணத்தை வைத்தும், லுஃப்தான்சா விற்ற சீட்டுக்குத் தூரத்தையும் கட்டண வகையையும் வைத்தும் யுனைடெட் மைல் தருகிறது. ஏஜென்ட்டிடம் மலிவாக டிக்கெட் வாங்கும் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டுமா?

இலவசமாகத் தருவதற்கு எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. மைல் இலவசம் அல்ல. கிரெடிட் கார்டு வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. கொரோனாவால் வருமானம் வற்றிய 2020-இல் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா தன் திட்டத்தை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. கடன் கொடுப்பவரிடம் இது பெரும் சொத்து. பயணி கேட்டால் மட்டும், மைல் உறுப்பினரின் உடைமை அல்ல, எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றுவோம் என்கிறது ஒப்பந்தம். இந்த இரட்டை நாக்கை ஏற்க முடியாது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் நான்கு பெரிய விமான நிறுவனங்களிடம் இத்திட்டங்கள் பற்றிய விவரங்களைக் கேட்டது. மைலின் மதிப்பைச் சத்தமில்லாமல் குறைப்பதும் அந்த விசாரணையில் ஒரு கேள்வி. இந்தியாவிலும் இதற்கு வழி உண்டு. விமானம் தாமதமானாலும் ரத்தானாலும் பயணிக்கு என்ன தர வேண்டும் என்பதற்கு நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி வைத்திருக்கிறது. நுகர்வோரின் உரிமையைப் பாதிக்கும் நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து வழக்காட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொரு பயணியும் தனியே வழக்குப் போட்டுத்தான் நியாயம் பெற வேண்டும் என்று விட்டுவிடாமல், இயக்குநரகமே விதி வகுக்க வேண்டும். பயணி தன் உறுப்பினர் எண்ணைத் தந்தால், அந்தக் கணக்கில் சேரப்போகும் மைலைக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். ஏஜென்ட் விற்றாலும் இது பொருந்த வேண்டும். அட்டவணையை மாற்றினால், அதற்கு முன் வாங்கிய சீட்டுகளுக்குப் பழைய கணக்கே செல்ல வேண்டும். சேர்த்த மைலின் மதிப்பைக் குறைப்பதானால் ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும்.