ஏழு ஹோம் ரன்களும் ஒரு தோல்வியும்

2022 ஆகஸ்ட் 4ஆம் தேதி அனஹைம் மைதானத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி ஓக்லண்டுக்கு எதிராக ஏழு ஹோம் ரன்கள் அடித்தது. அவற்றில் இரண்டு ஷோஹெய் ஓதானியுடையவை. ஆட்டம் முடிந்தபோது ஓக்லண்ட் 8, ஏஞ்சல்ஸ் 7. ஏழு ஹோம் ரன்களும் தளங்களில் ஆளே இல்லாதபோது அடிக்கப்பட்டவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓட்டம்தான். பேஸ்பால் பரிச்சயமில்லாத நண்பர்கள், ஒரே இன்னிங்ஸில் இருவர் சதமடித்தும் பந்துவீச்சால் தோற்றுப்போன கிரிக்கெட் அணி ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. அந்தத் தோல்விக்கான விதை அன்றைய மைதானத்தில் விழுந்ததல்ல. அதற்கு முந்தைய பல குளிர்காலங்களில், ஆட்டம் ஏதும் நடக்காத டிசம்பர் மாதங்களில், ஒப்பந்தத் தாள்களில் விழுந்தது. ஏஞ்சல்ஸ் நிர்வாகம் மீண்டும் மீண்டும் புகழ்பெற்ற மட்டையாளர் ஒருவரைப் பெருந்தொகைக்கு வாங்கியது. பிட்சர்களை மட்டும் மலிவாக, ஓராண்டுக் கணக்கில், நம்பிக்கையின் பேரில் வாங்கியது. இது விதியல்ல, தேர்வு. இந்தத் தேர்வே இரண்டு மகத்தான ஆட்டக்காரர்களின் சிறந்த ஆண்டுகளைத் தின்று தீர்த்தது என்பதே நம் வாதம்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். மேஜர் லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர் ஒரு நாள் எறிந்தால் நான்கைந்து நாட்களாவது ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு இத்தகைய பிட்சர்கள் ஐந்து பேர் வேண்டும். காயங்களையும் கணக்கில் கொண்டால் எட்டுப் பேராவது கைவசம் இருக்க வேண்டும். உலகின் தலைசிறந்த மட்டையாளருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் மட்டை பிடிக்க வாய்ப்பு. பிட்சரோ தன் நாளில் களத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு பந்தையும் தானே எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். மட்டையாளர் ஒருவரை வாங்கி அணியை நிமிர்த்திவிடலாம் என்ற நம்பிக்கை இந்த எளிய கணக்கின் முன்னாலேயே தடுமாறுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸை 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு ஏஞ்சல்ஸ் வாங்கியது. அதே நாளில் சி. ஜே. வில்சன் என்ற பிட்சரையும் வாங்கியது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டு நடந்ததுதான் முக்கியமானது. 2012 ஜூலையில் ஸாக் கிரைன்கியை, அக்காலத்தின் மிகச்சிறந்த பிட்சர்களில் ஒருவரை, இந்த அணி இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்துப் பெற்றது. டிசம்பரில் அவர் ஒப்பந்தம் முடிந்து, 6 ஆண்டுகளுக்கு 14.7 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். அதே மாதத்தில் ஏஞ்சல்ஸ் 12.5 கோடி டாலரை எடுத்து ஜாஷ் ஹாமில்டன் என்ற மட்டையாளர்மீது வைத்தது. பிட்சர் இடத்துக்கு ஜோ பிளாண்டனை 1.5 கோடி டாலருக்குப் பிடித்துப்போட்டது. 2013இல் பிளாண்டன் 2 வெற்றி, 14 தோல்வி. ஹாமில்டன் இரண்டு பருவங்களில் 240 ஆட்டங்கள் ஆடி, 2015 ஏப்ரலில் பழைய அணிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். கிரைன்கி 2015இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.66 ஓட்டங்கள் என்ற சராசரியில் எறிந்துகொண்டிருந்தார்.

இந்தப் பாடத்தைக் கற்றிருந்தால் 2019 டிசம்பர் வேறு மாதிரி இருந்திருக்கும். அக்குளிர்காலத்தில் சந்தையில் இருந்த பெரிய பிட்சர் கெரிட் கோல். அனஹைம் அமைந்திருக்கும் ஆரஞ்சு கவுண்டியிலேயே வளர்ந்தவர். அவர் 9 ஆண்டுகளுக்கு 32.4 கோடி டாலருக்கு நியூயார்க் யாங்கீஸை ஏற்றுக்கொண்டார். அவர் விருப்பம் அது. அதில் ஏஞ்சல்ஸைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிட்சருக்காக ஏங்கிய அணி, மறுநாளே 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலரை ஆந்தனி ரெண்டோன் என்ற மட்டையாளருக்குக் கொடுத்ததே, அதை என்னவென்று சொல்வது? அதே மாதத்தில் ஸாக் வீலர் 11.8 கோடிக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். ரியூ ஹியூன்-ஜின் 8 கோடிக்கு டொராண்டோவுக்குப் போனார். இருவரையும் கூட்டினாலும் 19.8 கோடிதான். வீலர் பின்னர் இரண்டு முறை சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் வந்தார். ஏஞ்சல்ஸ் வாங்கிய பிட்சர் ஹூலியோ டெஹெரான், ஓராண்டுக்கு 90 லட்சம் டாலர். 2020இல் அவருடைய சராசரி 10.05, வெற்றி ஒன்றுகூட இல்லை.

டெஹெரான் தனி நிகழ்வு அல்ல. 2018 டிசம்பரில் மாட் ஹார்வி, ஓராண்டுக்கு 1.1 கோடி: சராசரி 7.09, ஜூலையில் விடுவிப்பு. அதே மாதத்தில் டிரெவர் கேஹில், ஓராண்டுக்கு 90 லட்சம்: சராசரி 5.98. 2021 ஜனவரியில் ஹோசே கின்டானா, ஓராண்டுக்கு 80 லட்சம்: சராசரி 6.75. இதே கின்டானா அடுத்த ஆண்டு வேறு இரண்டு அணிகளுக்கு எறிந்து 2.93 என்று முடித்தார் என்பது வேறு கேள்விகளை எழுப்புகிறது. 2021 நவம்பரில் நோவா சிண்டர்கார்ட், ஓராண்டுக்கு 2.1 கோடி, முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தப் பருவத்தில் இரண்டே இன்னிங்ஸ் எறிந்திருந்தவர். அவர் சுமாராக நன்றாகவே எறிந்தார். ஆனால் நாம் தொடக்கத்தில் சொன்ன ஏழு ஹோம் ரன் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அவரையும் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான சூதாட்டம். ஆண்டுதோறும் சூதாட்டத்தை மட்டுமே நம்பும் வீட்டை என்ன சொல்லி அழைப்போம்?

இங்கே எழக்கூடிய எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை.

முதல் எதிர்வாதம்: பிட்சரின் கை கண்ணாடி போன்றது, அதில் பணத்தைக் கொட்டுவது மடமை. இதற்கு ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்கைச் சாட்சி காட்டலாம். ரெண்டோன் கையெழுத்திட்ட அதே வாரத்தில், அதே 7 ஆண்டுகள், அதே 24.5 கோடி டாலர் என்று வாஷிங்டன் அவரைத் தக்கவைத்தது. அதற்குப் பின் அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள். உண்மைதான். ஆனால் ரெண்டோன்? 2020 முதல் 2025 வரை அணி ஆடிய 870 ஆட்டங்களில் அவர் ஆடியது 257. மட்டையாளர் உடலும் கண்ணாடிதான் என்பதை ஏஞ்சல்ஸ் அளவுக்கு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை. பிட்சர்கள் எளிதில் உடைவார்கள் என்றால் அதிலிருந்து வரும் முடிவு, அதிகம் பேர் வேண்டும் என்பதே. குறைவாக வாங்கு என்பதல்ல.

இரண்டாவது எதிர்வாதம்: நிர்வாகம் உணர்ந்துகொண்டது, 2021 வரைவில் தேர்ந்தெடுத்த 20 பேரும் பிட்சர்களே. ஆம், இருபதுக்கு இருபது. இதைத் திட்டம் என்று பாராட்டியவர்கள் உண்டு. நமக்கோ அது, ஆண்டெல்லாம் கிணறு வெட்டாமல் இருந்துவிட்டு, வீடு பற்றியெரியும் நாளில் இருபது குழி தோண்டுவதாகவே பட்டது. கல்லூரியிலிருந்து வரும் இளைஞன் தேறுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஓதானியின் ஒப்பந்தத்தில் அப்போது மீதமிருந்தவையோ இரண்டரைப் பருவங்கள்.

மூன்றாவது, எதிர்வாதம் என்றுகூடச் சொல்ல முடியாத ஒன்று. 2019 ஜூலையில் அணியின் பிட்சர் டைலர் ஸ்காக்ஸ் 27 வயதில் இறந்தார். அந்தத் துயரை எந்த நிர்வாகமும் கணக்கிட்டிருக்க முடியாது. அதை இந்த விவாதத்தின் எடைத்தட்டில் வைக்க நாம் விரும்பவில்லை. 2012இன் தவறுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மட்டும் சொல்லலாம்.

விசித்திரம் என்னவென்றால், இந்த அணிக்கு இதைக் கற்பிக்க வெளியாள் தேவையில்லை. 2002இல் ஏஞ்சல்ஸ் தன் ஒரே உலகத் தொடரை வென்றபோது, ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்றவர் ஜான் லாக்கி. கீழ்நிலை அணிகளில் வளர்த்தெடுத்து அந்த ஆண்டுதான் மேலே கொண்டுவரப்பட்டவர். 2003இல் ஆர்ட்டி மொரேனோ அணியை வாங்கினார். அவருடைய முதல் குளிர்காலத்தில் விளாடிமிர் கெரேரோ என்ற மட்டையாளர் வந்தார். அவரோடு பார்டோலோ கோலோன், கெல்விம் எஸ்கோபார் என்று இரண்டு பிட்சர்களும் பல ஆண்டு ஒப்பந்தங்களில் வந்தார்கள். கெரேரோ 2004இன் மதிப்புமிக்க ஆட்டக்காரர். கோலோன் 2005இன் சை யங் விருதாளர். 2004 முதல் 2009 வரை ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை மேற்குப் பிரிவை இந்த அணி வென்றது. மட்டையோடு கையையும் வாங்கு, வீட்டிலும் வளர்த்துக்கொள். அந்த வழியை வகுத்ததும் இவர்கள்தான், மறந்ததும் இவர்கள்தான்.

மற்றவர்கள் மறக்கவில்லை. 2018 டிசம்பரில் வாஷிங்டன் 14 கோடி டாலருக்குப் பாட்ரிக் கார்பின் என்ற பிட்சரை வாங்கியது. தன் நட்சத்திர மட்டையாளர் பிரைஸ் ஹார்ப்பர் 33 கோடிக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை வென்ற பிட்சர் கார்பின்தான். பின்னாளில் அவர் எறி மங்கியது; 2022இல் 19 ஆட்டங்கள் தோற்றார். வாஷிங்டன் ரசிகர்கள் அந்தப் பேரத்துக்காக வருந்துவார்கள் என்று நாம் நினைக்கவில்லை. கோப்பை அவர்களிடம் இருக்கிறது.

இன்னும் அருகே ஓர் உதாரணம் உண்டு, அனஹைமிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில். 2023 டிசம்பரில் ஓதானி 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸுக்குப் போனார். முழங்கைக் காயத்தால் அடுத்த பருவம் அவர் எறிய மாட்டார் என்பது தெரிந்த விஷயம். டாட்ஜர்ஸ் அத்தோடு கடையை மூடவில்லை. அதே மாதத்தில் டைலர் கிளாஸ்னோவைப் பெற்றது. யோஷினோபு யமமோட்டோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி கொடுத்தது. 2024இல் அவ்வணியின் பிட்சர்கள் பலர் காயமடைந்தார்கள், ஆனாலும் எறிய ஆள் இருந்தது, கோப்பையை வென்றது. 2025இலும் வென்றது, அந்த உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யமமோட்டோ. பணக்கார அணி என்று சொல்லித் தப்ப வேண்டாம். பூஹோல்ஸ், ஹாமில்டன், ரெண்டோன் மூவருக்கு மட்டும் ஏஞ்சல்ஸ் எழுதிக்கொடுத்த தொகை 61 கோடி டாலர்.

இழந்தது என்ன? மைக் ட்ரௌட் 2014, 2016, 2019 ஆண்டுகளில் அமெரிக்க லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். 2025 பருவம் முடியும்வரை அவர் ஆடிய இறுதிச்சுற்று ஆட்டங்கள் மூன்று. மூன்றும் 2014இல், மூன்றும் தோல்வி. ஓதானி அனஹைமில் ஆறு பருவங்கள் ஆடினார். 2022இல் மட்டும் 166 இன்னிங்ஸ் எறிந்து, 15 ஆட்டங்களை வென்று, அதே பருவத்தில் 34 ஹோம் ரன்களும் அடித்தார். அந்த ஆறு பருவங்களில் ஒன்றில்கூட அணி தோல்விகளைவிட அதிக வெற்றிகளோடு முடிக்கவில்லை. ஒரே ஆள் மட்டையும் பந்தும் ஏந்தும் அதிசயம் வாசலில் வந்து நின்றபோது, மற்ற நான்கு நாட்களுக்கு எறிய ஆள் தேடாமல் இருந்துவிட்டார்கள். அவர் போனபின் 2024இல் 99 தோல்விகள். அணியின் வரலாற்றிலேயே மோசமான பருவம்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பூஹோல்ஸ் வந்த அன்று நாம் மகிழ்ந்தோம். ஹாமில்டன் வந்தபோது மட்டையாளர் வரிசையைத் தாளில் எழுதிப்பார்த்துப் பூரித்தோம். ரெண்டோன் வந்தபோது கோலை மறந்தோம். ஹோம் ரன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் தளத்தில் நிற்கும்போது ஒரு பிட்சர் அமைதியாக எடுக்கும் மூன்றாவது அவுட் நினைவில் நிற்பதில்லை. ரசிகர்கள் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதையே நிர்வாகங்கள் வாங்குகின்றன.

2025 நவம்பரில் 36 ஹோம் ரன் அடித்திருந்த டெய்லர் வார்டைக் கொடுத்து, காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடாத கிரேசன் ரொட்ரிகஸ் என்ற பிட்சரை ஏஞ்சல்ஸ் பெற்றது. மட்டையைக் கொடுத்துக் கையை வாங்கிய அந்தத் திசையை நாம் வரவேற்கிறோம். ஆனால் குணமாகிவரும் ஒரே ஒரு கைமீது மீண்டும் எல்லா எடையையும் ஏற்றினால் அது பழைய கதையே. நாம் கேட்பது அதிகமில்லை. பல ஆண்டு ஒப்பந்தத்தில், ஒருவர் விழுந்தால் மற்றவர் எழும் எண்ணிக்கையில் பிட்சர்களை வாங்குங்கள். இளம் பிட்சர்களை அவசரப்பட்டு மேலே இழுக்காமல் வளரவிடுங்கள். அடுத்த டிசம்பரில் ஒரு பெரிய மட்டையாளரோடு மேடையேறிப் புகைப்படம் எடுக்கத் தோன்றினால், ஏழு ஹோம் ரன் அடித்துத் தோற்ற அந்த ஆட்டத்தின் ஓட்டப் பலகையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அன்று நாம் கைதட்ட மாட்டோம்.